கம்பஸ் பிள்ளைகள் சாப்பிட்டார்களா? வன்னியில் படிப்பவர்களின் பசியும் தண்ணீரும் மனநலமும்

கனகராயன்குளத்தான் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். நான் வவுனியா வடக்கில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் தெரிவான பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறோம். மாலை போட்டு அனுப்பி வைக்கிறோம். அதன் பிறகு அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறதா, மனம் விட்டுப் பேச ஒருவராவது இருக்கிறாரா என்று ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

வன்னியில் உயர்கல்வி வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. பக்கத்திலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி. 2009இல் முகாம்களில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று இந்த வகுப்புகளில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை வாசலைத் தாண்டினால் வரிசையாகக் கடைகள். வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் அந்த வசதி கிடையாது. கடை குறைவு, வாடகைக்கு அறை குறைவு, பொழுது சாய்ந்தால் பஸ் குறைவு. ஆகவே வளாகத்துக்குள் கிடைப்பதே பிள்ளைக்கு வழி.

பணத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயானது. உதவிப்பணம் 4,000இலிருந்து 6,500 ஆனது. நல்ல முடிவு. இருந்தாலும் அந்த 7,500ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய்தான் வந்தது. வெளியே ஒரு மதியச் சாப்பாடு வாங்கினாலே அது முடிந்துவிடும். அறை வாடகை, போட்டோப் பிரதி, டேட்டா எல்லாம் வேறு. முதலாம் வருடப் பிள்ளைக்கோ விண்ணப்பம் பரிசீலித்து முதல் தவணை கைக்கு வரவே மாதங்கள் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் வெளியே சொல்வதில்லை. அந்த மகாபொலப் பணம் வீட்டுக்குப் போகிறது. தாய் மட்டும் உழைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நுண்கடன் தவணை கட்ட வேண்டிய கிழமையில் மகள் கம்பஸிலிருந்து பணம் போடுகிறாள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் ஓரளவு தள்ளுபடி செய்தது. ஆனால் கடன் வாங்க வைத்த வறுமை அப்படியேதான் இருக்கிறது. புலமைப்பரிசில் பிள்ளையின் சாப்பாட்டுக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையோ அதைத் தம்பியின் ரியூசனுக்கும் தாயின் தவணைக்கும் கொடுத்துவிட்டுப் பிளேன்ரீயும் பணிஸும் சாப்பிட்டுப் படிக்கிறது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்டு வாங்கிப் பழகாத வீடுகளில் வளர்ந்தவர்கள். “தேவையானவர்கள் வந்து விண்ணப்பியுங்கள்” என்று அறிவித்தல் ஒட்டினால் பசியில்லாதவன்தான் முதலில் போவான். கேட்க வைக்காமலே உதவி போய்ச் சேர ஒரு வழி வேண்டும். படிக்கிறவர்களும் படித்து முடித்தவர்களும் படிப்பிக்கிறவர்களும் எழுதுங்கள்.

பண்டிவிரிச்சான் எழுதியது:

மாஸ்டர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது.

நாங்கள் யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது படித்தவர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காது. கிடைத்த கொஞ்சத்தை ஜாம் போத்தலில் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் உயர்தரம் எழுதினோம். இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்தவர்கள் இன்று வைத்தியராக, பொறியியலாளராக இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வைராக்கியம் எங்கிருந்து வரும்? கஷ்டம் தெரிந்த பிள்ளைதான் ஒட்டிப் பிடித்துப் படிக்கும்.

ஓமந்தை மகள் எழுதியது:

பண்டிவிரிச்சான் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் காலத்து வைராக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் அப்பாவும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்தான். ஆனால் ஐயா, அப்போது ஊர் முழுக்க ஒன்றாகப் பசித்திருந்தீர்கள். இப்போது பக்கத்துக் கதிரையில் இருப்பவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறாள், நான் நூலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறேன். பசியைப் பொறுத்துக்கொள்ளலாம். அதை ஒளிப்பதுதான் ஆளைத் தின்கிறது.

நான் மூன்றாம் வருடம். எந்த வளாகம் என்று எழுதவில்லை, வன்னியில் ஒன்று. சாப்பாட்டை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதை யாரும் நலன் என்று கணக்கெடுப்பதில்லை.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடுதியில் இருக்கும் மின்கேத்திலின் அடியில் கிழமைக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று வரும். வவுனியா மாவட்டம் சிறுநீரக நோய் பரவலாக இருக்கிற மாவட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பயத்தில் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. போத்தல் தண்ணீர் வாங்கப் பணமும் இல்லை. கடைசியில் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட வாடகை அறையில்.

பெண்பிள்ளைகள் தண்ணீரைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழிப்பறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை, உள்ளே குப்பைக்கூடை இல்லை என்றால் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம்வரை அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று வந்து விரிவுரையைத் தவறவிட்டவர்கள் என் அறையிலேயே இருக்கிறார்கள். பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்க அரசாங்கம் 2024இல் பணச்சிட்டை கொடுக்கத் தொடங்கியது. உயர்தரம் முடித்து கம்பஸுக்கு வந்ததும் அந்தத் தேவை நின்றுவிடுகிறதா? ஒரு கொளுக்கி, மூடியுள்ள ஒரு கூடை, அலுமாரியில் எல்லோரும் எடுக்கக்கூடியதாக ஒரு பெட்டி அணையாடை. இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை.

ஹட்டன் பெடியன் எழுதியது:

நான் மலையகத்திலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். ஓமந்தை அக்கா எழுதியதை வாசித்தபோது என் கதையை நானே வாசிப்பது போலிருந்தது.

அம்மா கொழுந்து பறிக்கிறார். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயானது. அதில் அவர் எனக்கு அனுப்புவதைப் பார்த்தால் சாப்பிட மனம் வராது. வவுனியாவிலிருந்து வீட்டுக்குப் போய்வர ஆகும் பஸ் காசில் கிழமைச் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்பதால் நான் வீட்டுக்கே போவதில்லை. நீண்ட விடுமுறையில் விடுதி மூடும்போது எங்கே போவது என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி. கிட்டவே வீடுள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றியே இருக்காது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு விடயம். முதலாம் வருடத்தில் நான் சிற்றுண்டிச்சாலைக்குப் போகவே இல்லை. பணம் இல்லாததால் மட்டும் அல்ல. மூத்தவர்கள் அங்கேதான் கூடியிருப்பார்கள். போனால் பகிடிவதை. “உள்ளே வா, பாட்டுப் பாடு, மேசைக்கடியில் போ” என்று தொடங்குவார்கள். ஆகவே மதியம் மரத்தடியில் பிஸ்கட். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று தெரிந்தும் யார் போய் முறைப்பாடு செய்வது? நான்கு வருடம் அவர்களோடுதானே இருக்க வேண்டும்.

பசிக்கு உதவ வருகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் விலையைக் குறைத்தாலும் உள்ளே கால் வைக்கப் பயமென்றால் பிள்ளை பட்டினிதான்.

பின்வரிசை எழுதியது:

நான் விரிவுரையாளர். மாணவர் ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். ஹட்டன் தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் கூட்டங்களில் யாரும் சொன்னதில்லை. மாணவர் பசியையும் பகிடிவதையையும் இரண்டு கோப்புகளில் வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் அதை ஒன்றாகக் காட்டிவிட்டீர்கள்.

உள்ளேயிருந்து பார்க்கும்போது தெரிகிறவற்றை எழுதுகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் காலை விரிவுரையில் தலையை மேசையில் வைத்துப் படுத்துவிடும் பிள்ளைகளைப் பார்த்தேன். இரவு முழுக்க கைத்தொலைபேசி பார்த்திருப்பார்கள் என்று சொல்லிவிடுவது இலகு. விசாரித்தால் முதல்நாள் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ஆகவே எப்படியாவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வரவுப் பதிவேட்டில் பசி தெரியாது.

மனநல ஆலோசனை பற்றி. மாணவர் ஆலோசகர் என்று நியமிக்கப்படுகிறவர் என்னைப் போன்ற ஒரு விரிவுரையாளர். கரிசனை இருக்கும், முறையான பயிற்சி இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், அவரே நாளைக்கு அந்தப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிறவர். அவரிடம் போய் “சேர், எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை, வாழப் பிடிக்கவில்லை” என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? பீடத்தோடு தொடர்பில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் கிழமையில் சில நாளாவது வளாகத்தில் இருக்க வேண்டும். அவருடைய அறை நிர்வாகக் கட்டடத்தில் இருக்கக் கூடாது. யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள்.

அதுவரைக்கும் இதை வாசிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். பெயர் வெளியே போகாது.

ஆனால் மாஸ்டர் சொன்னதோடு நான் முழுதாக உடன்படுகிறேன். என்னிடம் மனச்சோர்வு என்று வந்த பிள்ளைகளில் பலருக்கு முதலில் தேவைப்பட்டது சாப்பாடும், அடுத்த மாத வாடகை கட்டலாம் என்ற நிம்மதியும்தான். வயிறு காய்ந்த பிள்ளையை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

நான் புதுக்குடியிருப்பு. கனடாவுக்கு வந்து நெடுங்காலமாகிவிட்டது. இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல என்பதைச் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இலேயே மாணவர்களுக்காக மாணவர்களே நடத்தும் உணவு வங்கி தொடங்கியது. கலிபோர்னியாவில் 2021இல் சட்டமே கொண்டுவந்து, சமுதாயக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் அடிப்படைத் தேவைகளுக்கான நிலையமும் அதற்கொரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்றார்கள். சாப்பாடு, தங்குமிடம், உடை, மனநலம் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பிள்ளை தன் கதையை நான்கு அலுவலகத்தில் நான்கு முறை சொல்லி அழத் தேவையில்லை.

இன்னொரு முறை எனக்குப் பிடித்தது. லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2010இல் மாணவர்கள் தொடங்கியது. சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் தாங்கள் சாப்பிடாமல் விட்ட வேளைகளை, இல்லாத மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இங்கே செய்வதானால் வாங்குகிறவரின் அட்டையும் மற்றவர்களின் அட்டையைப் போலவே இருக்க வேண்டும். அப்போது வரிசையில் நிற்கும்போது யாருடையது தானம், யாருடையது சொந்தப் பணம் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே ஊர்ச் சங்கங்களில் பணம் சேரும். தாய் தகப்பனின் நினைவு நாளுக்கு ஊரில் ஓர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்காத குடும்பம் குறைவு. ஆனால் அடுத்த நாளே படம் வேண்டும் என்கிறார்கள். தட்டோடு பிள்ளைகள் வரிசையாக நிற்க, பின்னால் பதாகை. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்தினால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? கம்பஸ் பிள்ளைகளுக்குச் செய்வதானால் படம் இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை, கணக்கு மட்டும்தான் என்று எங்கள் சங்கத்தில் நான் எழுந்து பேசத் தயார்.

முறிகண்டிச் சந்தி எழுதியது:

எல்லோரும் பல்கலைக்கழகத்தையே பேசுகிறீர்கள். தொழிற்பயிற்சிக்கு வருகிற எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மகாபொல இல்லை. நான் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வருகிறேன். பருவச்சீட்டு எடுத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில்தான் செல்லும், தனியார் பஸ்ஸில் முழுக் காசு. சபை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய சாப்பாட்டுக் காசு பஸ்ஸுக்குப் போய்விடும். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நெளுக்குளம் அன்ரி எழுதியது:

மகன் காட்டித்தான் இதை வாசித்தேன். அவனே தட்டச்சு செய்கிறான்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். நாங்களும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம். ஹட்டன் தம்பி எழுதியதை மகன் வாசிக்கக் கேட்டுக் கண் கலங்கிவிட்டேன்.

போன வருடம் எங்களிடம் இருந்த ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பிறகு செவ்வாயும் விரதம் என்றாள். சதுர்த்தி, சஷ்டி, ஏகாதசி எல்லாம் பிடித்தாள். விரதம் பிடிக்கிறவள் கோவிலுக்குப் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. விரதம் முடித்துச் சமைக்கிற சத்தமும் அறையில் கேட்காது. கிணற்றடியில் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் தினமும் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். அந்தப் பெட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

நேரே கேட்டால் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவாள் என்று தெரியும். ஆகவே ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டுச் சமைக்கத் தொடங்கினேன். “பிள்ளை, கை தவறி அரிசி கூடிவிட்டது, கோழிக்குக் கொட்டாமல் நீ சாப்பிடு” என்பேன். முதல் கொஞ்ச நாள் தயங்கினாள். பிறகு தானே தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து தேங்காய் துருவித் தருவாள். இப்போது நான்காம் வருடம், நன்றாகப் படிக்கிறாள். அவள் அனுமதி தந்துதான் எழுதுகிறேன்.

அறை கொடுக்கிற மற்ற வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன். வாடகை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் பிள்ளைகளுக்கு ஓர் அடுப்பு வைக்க இடம் கொடுங்கள். சமைக்கக் கூடாது என்று சொல்லி அறை கொடுத்தால் அந்தப் பிள்ளை எதைத் தின்னும்?

பண்டிவிரிச்சான் எழுதியது:

நான் மேலே எழுதியதற்கு ஓமந்தை மகள் கொடுத்த பதிலை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2009இல் செட்டிகுளம் முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவன் நான். அதற்கு முன் எங்கள் வீட்டில் நெல் மூடைகள் அடுக்கியிருந்தன, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட வீடு. அந்த வரிசையில் என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பசியில் வைராக்கியம் வரும் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். வரிசையில் நின்று வாங்கும்போது அது வருவதில்லை, அதையும் அறிவேன். மகள், நீ சொன்னது சரி.

நான் பேச்சோடு விடுகிறவன் அல்ல. எங்களிடம் வயல் இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு மூடை நெல் கொடுக்க எங்கள் கமக்காரர் அமைப்பில் பேசலாம். கோவில் திருவிழாவுக்கு அன்னதானத்துக்குக் கொடுக்கிற சனம், பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லாது. ஆனால் அரிசியாக்கி எங்கே, யாரிடம் சேர்ப்பது?

பின்வரிசை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்கு நடைமுறையில் பதில் சொல்கிறேன். சிற்றுண்டிச்சாலைகள் கேள்விப்பத்திர முறையில் வெளியாருக்குக் கொடுக்கப்படுகின்றன. விலைப்பட்டியலை நிர்வாகம் தீர்மானிக்கும். விலையைக் கட்டுப்படுத்தினால் நடத்துகிறவர் கறியைக் குறைப்பார், அவருக்கும் நட்டம் வரக்கூடாது அல்லவா. அரிசி இலவசமாக வந்து சேர்ந்தால் அந்தப் பெறுமதிக்கு மதியச் சாப்பாட்டு அட்டை கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதலாம். அட்டை எல்லா மாணவருக்கும் ஒரே நிறம், ஒரே அச்சு. பணம் கட்டி எடுப்பவரும் அதைத்தான் வைத்திருப்பார். நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன். பீடாதிபதி மட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு மாதமாவது எடுக்கும்.

ஓமந்தை மகள் எழுதியது:

சேர், அட்டை யாருக்கு என்பதை யார் தீர்மானிப்பது? விண்ணப்பப் படிவம் வைக்காதீர்கள். கிராம அலுவலர் கடிதம் கேட்காதீர்கள். அதற்காகவே பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு, முதல் தவணை வரும்வரை, பதிவு செய்கிற அன்றே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். வேண்டாதவர் திருப்பிப் போட ஒரு பெட்டி வையுங்கள். அப்படிச் செய்தால் வாங்குவது வழக்கம், திருப்புவதுதான் தனிச்செயல் ஆகிவிடும்.

முதலாம் வருடத்தவருக்கு மதியம் முதல் அரை மணி நேரம் தனியாகக் கொடுத்து, அந்த நேரத்தில் ஒரு விரிவுரையாளரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் ஹட்டன் தம்பி சொன்ன சிக்கலும் குறையும்.

கனகராயன்குளத்தான் எழுதியது:

தங்கச்சி சொன்னதுதான் நான் தேடிய வழி. பதிவன்றே எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. இதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

என் பங்குக்கு, இம்முறை எங்கள் பாடசாலையில் பதாகைக்குச் சேர்க்கிற பணத்தில் பாதியைத் தெரிவான பிள்ளைகளின் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கும்படி பழைய மாணவர் சங்கத்தில் கேட்கப்போகிறேன். முறிகண்டித் தம்பி, தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களையும் அதே பட்டியலில் சேர்ப்போம், உங்களுக்குத்தான் பஸ் காசு முதல் தேவை. கழிப்பறைக் கொளுக்கியும் கூடையும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல. ஓமந்தை மகள், எத்தனை கதவு என்று எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், நான் வாங்கி அனுப்புகிறேன். ஸ்காபரோ அண்ணை, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் உங்கள் சங்கத்தின் பொறுப்பு. இயந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு விடாமல், வடிகட்டி மாற்றுகிற செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ஊரில் பூட்டிக் கிடக்கிற இயந்திரங்கள் எல்லாம் வடிகட்டி மாற்றப் பணமில்லாமல் நின்றவைதான்.

நெல்லுக்குத்தான் இப்போது வழி தேவை. அவித்துக் காயவைத்துக் குற்ற வேண்டும். மில் வைத்திருக்கிற யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள்.

முறிகண்டிச் சந்தி எழுதியது:

என் மாமாவுக்கு மில் இருக்கிறது. கேட்டுவிட்டேன். தவிட்டை அவர் எடுத்துக்கொள்வார், குற்றுக்கூலி வேண்டாமாம். அவித்துக் காயவைக்கக் களமும் இருக்கிறது. மூடையை மில்லடிக்கு ஏற்றிவருகிற உழவு இயந்திரத்துக்கு டீசல் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்டிவிரிச்சான் எழுதியது:

உழவு இயந்திரம் என்னுடையது. டீசலும் நான் பார்க்கிறேன். மாசி கடைசியில் ஏற்றலாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள் தம்பி.